மீனின் காதுக்கல்

அண்டார்டிகாவிலிருந்து கப்பலில் வந்த மீன்களின் காதுக்குள் சிறு கல் இருக்கும். அதில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். திருவாரூரில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அம்சம் நாற்பது கற்களை எண்ணினாள். எல்லாவற்றிலும் ஆறுதான். அந்த இனம் முட்டையிடப் பதினைந்து வயதாவது ஆக வேண்டும்; இவை ஒருமுறைகூட முட்டையிடாத மீன்கள். அங்கே மீன்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.

அச்சாகி வந்த அறிக்கையில் வயது பதினாறு. மீன்பிடிப்பு தொடரலாம் என்றிருந்தது. கீழே, எழுதியவர்கள் பட்டியலில் அவள் பெயர்.

“உன் பேரை முதல்ல போட்டிருக்கேனேம்மா, வேற என்ன வேணும்?” என்றார் பேராசிரியர் நாகநாதன். அவளைப் படிக்க வைத்தவரே அவர்தான்.

குத்தகை வழக்குக்காகத் தாலுகா ஆபீசுக்கு வந்துவிட்டு அவளைப் பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு வந்த அப்பா மருதையன், நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். “முப்பது வருசம் நான் உழுத நெலம். அடங்கல் புஸ்தகத்துல உழுதவன்னு மிராசுதாரு மச்சான் பேரு. எழுதினதுதான் பாப்பா நெசம்.”

“கல்லு மாறாதுப்பா. நீங்களே பாருங்க.”

நுண்ணோக்கியில் ஒரு கல்லை வைத்தாள். அப்பா குனிந்து, நெற்கட்டு எண்ணுவதுபோல நிதானமாக எண்ணினார்.

“ஆறு,” என்றார்.

அவள் மூச்சு விட்டாள். அப்பா கண்ணை எடுக்கவில்லை.

“ஏழு,” என்றார். “இப்பத்தான் ஒண்ணு புதுசா விழுது பாப்பா.”