நிம்மதி நடை

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரைக்குப் பதிலாக நீலாயதாட்சிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது தென்காசிப் பக்கத்து வயல்வரப்பில் காலை நடை. முதல் நாள் நடுவழியில், நடைக்கு ஏற்பாடு செய்த கம்பெனி கட்டிவிட்ட கைப்பட்டை அதிர்ந்து, "மனம் கலங்கியது எதனால்?" என்று கேட்டது. களை பறித்த பெண்கள் சத்தமாகச் சிரித்துப் பேசியது நினைவுக்கு வர, "அவங்க சத்தம்தான்" என்று சொல்லிவிட்டு அதை மறந்தும் போனாள்.

மறுநாள் வயலில் ஒரு குரலும் இல்லை. கொக்குகள் மட்டும் மேய்ந்தன. நிம்மதியாக நடந்தவள் செருப்புச் சேற்றைத் துடைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். வாய்க்காலுக்குள் ஏழெட்டுப் பெண்கள் தலையைத் தாழ்த்திக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி.

"இங்க என்னம்மா பண்றீங்க?"

"நடக்க வாறவங்க கண்ணுல நாங்க படக்கூடாதுன்னு கம்பெனி உத்தரவும்மா," என்றாள் கர்ப்பிணி, குரலைத் தணித்து. "யாரோ சத்தம்னு சொல்லிட்டாங்களாம். நீங்க மெதுவாப் போங்க. தாண்டுனதும் எந்திச்சுக்கிடுதோம்."

அந்த 'யாரோ' தான்தான் என்று நீலாயதாட்சி சொல்லவில்லை. "எந்திரிங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். யாரும் அசையவில்லை. வரப்பின் முனையோ வெகு தூரத்தில் இருந்தது. அவர்கள் சீக்கிரம் முதுகை நிமிர்த்தட்டும் என்று, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓட ஆரம்பித்தாள்.