ஒரே கொட்டகை

“கிரெஸ்டன், உங்க ரோசா மாடுதான் டென்மார்க்கிலேயே முதல்!” மாட்டினக் கழகத்தில் தரக்கணக்குப் போடும் இங்கெர் காபிக் கோப்பையை உயர்த்தினாள். “பணக்காரப் பண்ணை மாடுங்க தீனி பலத்துல ஜெயிச்ச காலம் முடிஞ்சுது. இப்போ ஒரு மாட்டை, அதே கொட்டகையில அதே தீனி தின்கிற மாடுகளோடதான் ஒப்பிடுறோம். ரோசா மத்ததைவிட ரெண்டு மடங்கு கறக்குது. அதோட கன்னுங்க இனி நாடு முழுக்கப் போகும்!”

கிரெஸ்டன் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“புகழ்ந்தா ஐயாவுக்குக் கூச்சம்!” மனைவி போதில் சிரித்தாள். “வாயைத் திறயேன், கிரெஸ்டன்!”

“ரோசாவைப் பார்க்கலாமா?” இங்கெர் கேட்டாள்.

“வாங்க.” போதில் எழுந்தாள். “ஆனா மத்த மாடுகளைப் பார்த்துப் பயந்துடாதீங்க. குளிர்காலம் பூரா எலும்பும் தோலுமா நிக்குதுங்க. மூணு தடவை டாக்டரை வரவழைச்சேன். நோயே இல்லேங்கிறார்.”

இங்கெரின் சிரிப்பு நின்றது. “கிரெஸ்டன், இந்தக் கணக்கை நான் கூட்டத்துல விளக்கினப்போ நீங்க முன்வரிசையில இருந்தீங்க, இல்லே?”

அவன் தலை நிமிரவில்லை. “ரோசாவுக்கு ஒரு பிடிகூட அதிகமாப் போடலை” என்றான். “மத்ததுக்குப் பாதியாக் குறைச்சேன்.”

போதில் தீவனக் கிடங்குச் சாவிக்காக அவன் முன் கையை நீட்டினாள்.