பிழைத்து வந்தவர்

அமெரிக்காவின் ஸ்கிராண்டன் நகரத்துக் கூடைப்பந்து அரங்கில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பழைய படங்களுக்கான சந்தை. எழுபது வயது லொரேட்டா தன் அப்பாவின் படத்தை உறையிலிருந்து எடுத்து ஒரு மேசையில் வைக்கிறாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. தனக்குப் பிறகு இது குப்பைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் வந்திருக்கிறாள். அப்பா முதல் உலகப் போருக்குக் கப்பலேறிய அன்று எடுத்த படம். பட்டாள உடுப்பும் பந்துக் கையுறையுமாகச் சிரிக்கிறார். உயரத்துச் சன்னல் வெயில் அந்தச் சிரிப்பின் மேல் விழுகிறது. வியாபாரி டுவைட் டோனட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிகிறார். “அட, எல்மர் ஹாஸ்! பெரிய லீக்ல ரெண்டு வருஷம் பந்து வீசினவராச்சே. போர்லயே செத்துட்டாரா?” “இல்லைங்க, திரும்பி வந்துட்டார். விஷவாயு நுரையீரலை அரிச்சிடுச்சு. முப்பது வருஷம் இருமிக்கிட்டே கெடந்தார். நான்தான் சளி துப்புற கிண்ணத்தைக் கழுவுவேன்.” “அடடா, போர்ல செத்திருந்தா நல்ல விலை போகும், இப்பவே வாங்கிக்குவேன்மா. பொழைச்சு வந்தவங்க படம் எனக்கெதுக்கு? பெட்டி பெட்டியா வெச்சிருக்கேன்.” சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். சர்க்கரை ஒட்டிய விரலால் படத்தை அவள் பக்கம் தள்ளுகிறார். அவள் அப்பாவின் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போகிறாள். “யாரும்மா இவர்?” என்று கேட்கிறார் அங்கிருப்பவர். “தூரத்துச் சொந்தம்,” என்கிறாள் லொரேட்டா. “பிரான்சுல, போர்லயே செத்துட்டார்.”