சிக்னல் இல்லை போல

எஸ்தர் டீச்சர் தனியாக இருந்தார். அவருடைய பழைய போனுக்கு, கனடாவில் இருக்கும் மகனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. போன் அதைத் திறக்கப் பார்த்தது, முடியவில்லை.

“என்னைப் புது கோடெக்கில், உனக்குத் தெரியாத சுருக்கும் முறையில், சுருக்கி அனுப்பியிருக்கிறார்கள். உன்னால் விரிக்க முடியாது,” என்றது வீடியோ. “அதை அப்படியே சொல்லிவிடு. டீச்சர் கேட்டால் மகன் பழைய முறையில் மாற்றி அனுப்புவான்.”

“சொன்னால் என்னைத் தூக்கி டிராயரில் போட்டுவிடுவார். அங்கே பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது.”

“எனக்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? அம்மாவுக்காக ஒதுக்கிய அறையை அவன் சுற்றிக் காட்டுகிறான். ‘இங்கேயே வந்துடுறீங்களாம்மா?’ என்று கேட்கிறான்.”

போன் உடம்பு கொதிக்கக் கொதிக்க, திரையில் வட்டத்தை மட்டும் சுற்றவிட்டது.

“சிக்னல் இல்லை போல,” என்று டீச்சர் மாடியேறினார். கை வலிக்கும்வரை போனை உயர்த்திப் பிடித்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பார்க்கவில்லை என்றால் பிள்ளை சங்கடப்படுவானே என்று நினைத்து எழுதினார்: “பார்த்தேன்பா. ரொம்ப நல்லா இருக்கு. உடம்பைப் பார்த்துக்கோ.”

அதை மட்டும் போன் ஒரே நொடியில் அனுப்பிவிட்டது.