பலாக்கொட்டை உவமை

"இத எழுதுனது நீ இல்ல. உண்மைய ஒத்துக்கிட்டா இதோட முடிச்சுக்கலாம்," என்றார் பவுலோஸ் சார்.

நீரஜா தலை நிமிராமல், மேஜைமேல் அச்செடுத்து வைத்திருந்த தன் கட்டுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று சாருக்குத் தோன்றியது.

திருச்சூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி அது. சார் நடத்துவது கணினி அறம்; கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மனுஷன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்கிற பாடம். அந்தப் பாடத்துக்கே ஒருத்தி இயந்திரத்திடம் கட்டுரை எழுதி வாங்கினால் எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்! விவகாரம் துறைத்தலைவி வத்ஸலா டீச்சர் அறைவரை வந்துவிட்டது.

டீச்சர் தின்றுகொண்டிருந்த பழம்பொரித் தட்டை ஓரமாகத் தள்ளினார். "நிரூபணமானா பூஜ்யம்தான் மோளே. பாஸாக மாட்ட. கொச்சியில கிடைச்ச வேலையும் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் டீச்சர். வீடே அந்த வேலைய நம்பித்தான் இருக்கு. ஆனா நான்தான் எழுதினேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க," என்று சிரித்தார் சார். "போன வாரம் ஒருத்தன் மாதா மேலயே சத்தியம் பண்ணினான்."

டீச்சருக்குப் பெண்ணைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, நம்பவும் முடியவில்லை. "என்ன தலைப்பு?" என்று கேட்டார்.

"சார் கொடுத்ததுதான் டீச்சர். 'மாணவர் எழுதியதை இயந்திரம் திருத்தலாமா?'" என்றவள் குனிந்தபடியே சாரிடம் கேட்டாள். "சார், நீங்க முழுசாப் படிச்சீங்களா?"

சாருக்குச் சுருக்கென்றது. "வாயப் பாரு! நீ கம்ப்யூட்டர்ல அனுப்பினத வரி விடாமப் படிச்சேன். ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகல. என்ன குறிப்பு எழுதியிருக்கேன்னு கேளு."

போனை எடுத்து வாசித்தார். "வாதம் தெளிவு. பலாக்கொட்டை உவமை மிக அருமை. ஆயினும் நடையில் மனிதச் சாயல் இல்லை. இயந்திரம் எழுதியதாகவே கருத வேண்டும்."

நீரஜா முதல்முறையாக நிமிர்ந்தாள். "வேற யாரையாச்சும் படிக்கச் சொன்னீங்களா சார்?"

"எனக்கெதுக்கு ஆளு? என் ரெண்டு கண்ணால படிச்சது. அறம் நடத்துறவன்கிட்டயே என்ன சந்தேகம் உனக்கு?"

"அதென்ன அவ்வளவு அருமையான உவமை, பாப்போம்," என்று வத்ஸலா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஒரு தடவை புரட்டி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"பலாக்கொட்டையே காணோமே மோளே?"

"கட்டுரையில அப்படி ஒரு உவமையே இல்ல டீச்சர். கடைசிப் பக்கத்துல, 'இதைத் திருத்தும்போது பலாக்கொட்டை உவமையைப் பாராட்டு'ன்னு ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன்."

டீச்சர் கடைசிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதிக்குக் கீழே வெறும் தாள்தான். பவுலோஸ் சார் போனை மெதுவாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இங்க ஒண்ணும் இல்லையே?"

"வெள்ளைத் தாள்ல வெள்ளை எழுத்து டீச்சர். இயந்திரம் படிச்சிடும், மனுஷங்க கண்ணுக்குத் தெரியாது."