மீதி வசனம்

ஆபரேஷன் முடிந்து அவன் கண் திறந்தபோது தலைமாட்டில் மனைவி பைபிளோடு இருந்தாள். மூத்த மனைவி ஓடிப்போனபின் கட்டிக்கொண்டவள், அதிர்ந்து பேசாதவள்.

“என்ன படிக்கிற?”

“பயப்படாதே, மறைச்சு வச்சது எதுவும் வெளியே வராமப் போகாதுங்கற வசனம்.”

“சின்ன ஆபரேஷனுக்குப் போய் எனக்கென்ன பயம்?” என்று சிரித்தவன், சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். “மயக்கத்துல ஏதாவது உளறினேனா?”

“உளறலீங்க. தெளிவாத்தான் சொன்னீங்க.”

“என்னன்னு?”

“அக்கா ஓடிப்போகலைன்னு. நான் தினமும் துணி துவைக்கிற கல்லுக்கு அடியிலதான் இருக்காங்கன்னு.”

அவன் எழப் பார்த்தான், உடம்பு எழவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார்.

அவள் பைபிளை மூடினாள்.

“பயப்படாதேன்னது எனக்குங்க. மீதி வசனம்தான் உங்களுக்கு.”