கொக்கியா, போல்ட்டா?

"மெதுவாப் பேசுங்கப்பா, குட்டி இப்பத்தான் தூங்கினா" என்று மாடியைக் காட்டினாள் மகள்.

அப்பா உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். கோபத்தை அல்ல. "சரிம்மா, மெதுவாவே சொல்றேன். உன் மாமனாரோட அறையை என் அறை மேல ஏத்த விடமாட்டேன்."

எதிர் நாற்காலியில் மாமனார் சிரித்தார். அது சிரிப்பில்லை என்பது மூவருக்கும் தெரியும்.

இரண்டு பேருமே தொழிற்சாலையில் முழு முழு அறையாகச் செய்து, லாரியில் அனுப்பி, கிரேனால் அடுக்கிக் கட்டடமாக்குகிறவர்கள். அப்பாவின் அறைகளை மூலைக்கு மூலை போல்ட் போட்டு முறுக்க வேண்டும். மாமனாருடையவை கொக்கியில் விழுந்து பூட்டிக்கொள்ளும். ஒருவர் அறை இன்னொருவர் அறையோடு சேராது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துச் சம்பந்திகளான பிறகும் இந்த ஒரு விஷயத்தில் எலியும் பூனையும்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் தீப்பிடித்து எரிந்துபோய், நோயாளிகள் வராந்தாவில் கிடந்தார்கள். ஒருவரே எல்லா அறைகளையும் செய்தால் மழைக்காலமே முடிந்துவிடும் என்று, கீழ்த்தளத்தை அப்பாவிடமும் மேல்தளத்தை மாமனாரிடமும் கொடுத்திருந்தார்கள். எவர் அறையும் எவர் அறையோடும் சேரும்படி ஒரு பொது இணைப்புத் தகட்டை வடிவமைக்க எல்லாத் தொழிற்சாலைகளும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. மகள்தான் அதன் செயலாளர். மற்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. இந்த இருவரும் போடாமல் ஓர் அறையைக்கூடத் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. ஒருவர் ஆபீஸ் வாசலை இன்னொருவர் மிதிக்கமாட்டார் என்பதால் பஞ்சாயத்து மகள் வீட்டுக்கு வந்தது.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. உங்க கொக்கி சட்டை மாட்டத்தான் சரி."

"உங்க போல்ட்டை முறுக்கி முடிக்கிறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடுவான் சம்பந்தி."

"கொக்கியும் வேண்டாம், போல்ட்டும் வேண்டாம். ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கிற தகடு இது. பாரம் ஏத்திப் பாத்தாச்சு. மெஷின்ல போட்டு ஆட்டிப் பாத்தாச்சு" என்றாள் மகள்.

"மெஷின் சொன்னா ஆடும், சொன்னா நிக்கும். காத்தும் மழையும் அப்படியா?" என்றார் மாமனார்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவள் கணவன். பின்னால் கிரேனின் இரைச்சல்.

"என்ன ஆச்சு? கிரேன்காரர் கிளம்பணும்னு குதிக்கிறார். இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தானாம். மழை வேற தூற ஆரம்பிச்சிருச்சு. வராந்தாவுல சாரல் அடிக்குது, கட்டிலை உள்ள தள்ள இடமில்ல."

"எப்படியாவது பிடிச்சு வைங்க. இதோ, முடிஞ்சுது."

எதை நம்பி அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மாமா, உங்க பையன் அங்க மழையில நிக்கிறார்."

"நனையட்டும். இடிஞ்சு விழுந்த கட்டடத்துக்கு முன்னால நிக்கிறதுக்கு நனையிறது எவ்வளவோ தேவலை."

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேருக்கும் என்னதான் பிரச்சினை? பயமா, வீம்பா? அதை முதல்ல சொல்லுங்க." கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அப்பா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார். மகள் அழுதால் தாங்கமாட்டார்.

"பயம்தாம்மா. என் அறையைப் பத்தி எனக்குத் தெரியும். அவர் அறையைப் பத்தி அவருக்குத் தெரியும். நடுவுல நிக்கப்போற தகட்டைப் பத்தி யாருக்குத் தெரியும்? உள்ள படுக்கப்போறது எவன் பெத்த பிள்ளையோ. ஏதாவது ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?"

"அதேதான்" என்றார் மாமனார். அன்று முழுவதும் சம்பந்தி சொன்னதற்கு அவர் தலையாட்டியது இதற்குத்தான்.

அந்த ஆதரவில் அப்பாவுக்கு வேகம் வந்தது. "தகடு தாங்கும் தாங்கும்கிறியே, நீ உன் பிள்ளையை அதுல படுக்க வைப்பியா? வைக்கமாட்டே. ஊரான் பிள்ளைன்னா மட்டும் தாங்குமா? வெச்சுக் காட்டும்மா. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"நானும் போடறேன்" என்றார் மாமனார்.

ஒரு விஷயத்தை இவர்களிடம் சொல்லாமலே காரியத்தை முடித்துவிட வேண்டும் என்றுதான் மகள் காலையிலிருந்து படாத பாடு பட்டாள். இனி வேறு வழியில்லை. ஆளுக்கொரு பேனாவை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் கண்ணை மூடிக்குங்க. சோதனைக்குன்னு நீங்க அனுப்பின சாம்பிள் அறைகளை, சோதனை முடிஞ்சதும் நாங்களே விலைக்கு வாங்கி, இந்தத் தகட்டைப் போட்டு அடுக்கித்தான் இந்த வீட்டைக் கட்டினோம். மூலையை மறைச்சுப் பூசிட்டதால உங்க சரக்கு உங்களுக்கே அடையாளம் தெரியல. இப்ப நாம உட்கார்ந்திருக்கிறது அப்பாவோட அறை. மேல குட்டி தூங்குறது மாமாவோட அறை. பொறந்ததிலேருந்து அவ அங்கதான் தூங்குறா."